கனடாச் சொக்

மயூரதன் வேலைக்குப் புறப்பட்டுவிட்டானா என்று தெரிந்துகொள்ள, கோப்பாயில் எங்கள் ஒழுங்கைக்காரர் எவரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. எட்டிப் பார்ப்பார்கள், அது வேறு கதை. முடக்கில் இருக்கும் பள்ளத்தில் அவனுடைய சைக்கிள் இறங்கியவுடன் முன்பக்கத்தில் இருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும், யாரோ படலையில் தட்டுவதைப் போல. முன்வீட்டு இராசமலர் அக்கா இரண்டொரு தரம் “ஆரது, உள்ளை வாங்கோ” என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

பெற்றோலுக்கு வரிசையில் பாய் விரித்துப் படுத்த காலத்தில் வாங்கிய மவுண்டன் சைக்கிள் அது. மலையைப் பார்க்க யாழ்ப்பாணத்தவன் ரயிலேறி ஒரு பகல் போகவேண்டும். ஆனாலும் அந்த வருடம் மவுண்டன் சைக்கிள் வாங்காத வீடு இல்லை. இருந்தவற்றுள் மலிவானதை மயூரதன் பிடித்துக்கொண்டான். முன்சில்லைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்குள்ளும் சுருள்வில் வைத்து, பள்ளத்தில் விழுந்தால் அமுங்கி எழும்படி செய்திருந்தார்கள். அதைத்தான் முன்சொக் என்பது. கைதடியில் அரிசி ஆலையில் அவனுக்கு வேலை. போகும் வழியில் கடல்நீரேரியின் நடுவே நீண்டு கிடக்கும் வீதியில் இரண்டு பக்கமும் உப்புக்காற்று. வருடக்கணக்கில் குடித்த உப்பு சொக்கின் பளபளப்பை உரித்துத் துருவை வெளியே எடுத்தது. பிறகுதான் இந்த டொக்.

கோப்பாய்ச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற லெனாட்டிடம் கொண்டுபோனான். லெனாட் கொழும்புத்துறைக்காரர். கடலுக்குப் போன குடும்பம், இவர் மட்டும் தரையில் ஒதுங்கியவர்.

“முன் பிறேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டிப் பாரும் தம்பி.”

ஆட்டினான். சில்லு நின்ற இடத்தில் நிற்க, ஹான்டில் தனியே போய் வந்தது.

“உள்ளுக்கை எல்லாம் தேஞ்சுபோச்சு. கிறீஸ் அடிச்சுத் தரலாம். சத்தம் போகும், ஆட்டம் போகாது. சத்தம் இருக்கிறது நல்லது, உமக்கும் ஒரு பயம் இருக்கும்.”

“திருத்தேலாதோ அண்ணை?”

“உது திருத்திறதுக்கெண்டு செய்த சாமான் இல்லை. சொக் இல்லாத வெறும் ஃபோர்க் ஒண்டு போட்டுவிடுறன். கையைக் குலுக்கும். ஆனால் வீட்டை கொண்டுவந்து சேர்க்கும்.”

மயூரதன் சம்மதித்தான். மனிதர்கள் வீட்டுக்குப் போய் மனைவியரிடம் எல்லாவற்றையும் சொல்லாமல் இருந்தால் இந்தக் கதை இந்த இடத்தோடு முடிந்திருக்கும். அவன் வினோஜாவிடம் சொன்னான். வினோஜா அன்று பின்னேரமே ரொறொன்ரோவில் இருக்கும் தன் அண்ணன் பிரவீணனிடம் சொன்னாள். பிரவீணனிடம் ஒரு குறையைச் சொல்வது யோசித்துச் செய்யவேண்டிய வேலை. சொன்ன குறை பொதியாகத் திரும்பி வந்துவிடும்.

“ஒண்டும் வாங்கவேண்டாம் எண்டு மச்சானுக்குச் சொல்லு. இஞ்சை என்னோடை வேலை செய்யிற வெள்ளைக்காரன் ஒருத்தன் கழட்டி வைச்சிருக்கிறான். அசல் சாமான். நான் அனுப்புறன்.”

அது வந்த நாளில் ஒழுங்கையில் பாதிப்பேர் வினோஜா வீட்டு விறாந்தையில் நின்றார்கள். துவாய்களுக்கும் சொக்கலேற்றுக்கும் நடுவில் இருந்து கறுப்பு நிறத்தில், பாம்பு தோல் கழற்றியது போல மினுங்கிக்கொண்டு சொக் வெளியே வந்தது. கையால் அமுக்கினால் பெருமூச்சு விட்டபடி இறங்கி, தானாக எழுந்தது. எல்லோரும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார்கள். மயூரதன் இரண்டு தரம் அமுக்கினான்.

லெனாட் அமுக்கவில்லை. அதன் மேற்பைப்பை மட்டும் சைக்கிளின் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பைப் சைக்கிளின் கழுத்துக்குள்ளால் ஏறி மேலே தலை காட்டவேண்டும், அப்போதுதான் ஹான்டில் அதைக் கவ்விப் பிடிக்கும். வெள்ளைக்காரன் தன்னுடைய சின்னச் சைக்கிளுக்கு அளவாக அதை வெட்டியிருந்தான். இங்கே அது கழுத்துக்குள் போய் அப்படியே காணாமற் போனது.

“எட்டாது,” என்றார் லெனாட்.

“ஏதும் செய்யேலாதோ?”

“வெட்டின பைப் வளராது தம்பி. கொண்டுபோய் சுவரிலை கொழுவும்.”

வெளிநாட்டுப் பொதி வாங்காதவர்களுக்கு ஒன்று விளங்கப்படுத்த வேண்டும். வந்த சாமான் பொருந்தவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. சப்பாத்து சிறிதென்றால் குதிக்காலை வெளியே விட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்புவோம். அனுப்பியவர் லீவில் வருகிறார் என்று கேள்விப்பட்டால், அலுமாரிக்குள் இருந்து அரைக்கிற மெசின் குசினிக்கு வரும், பூச்சிமருந்து மணக்கும் சேட்டுகள் உடம்புக்கு வரும். அவர் விமானம் ஏறியபிறகு எல்லாம் திரும்ப உள்ளே போகும். இதில் ஒருவரும் சாவதில்லை, ஆகையால் ஒருவரும் இதைப் பிழையென்று நினைத்ததும் இல்லை.

“அண்ணை படம் கேக்கிறார்,” என்றாள் வினோஜா. “பூட்டின படம்.”

“அது எட்டாதெண்டு லெனாட் அண்ணை சொல்லுறார்.”

“எட்டாதெண்டு நானோ அவருக்குச் சொல்லுறது? தோளிலை காவிக்கொண்டுபோய்ப் பொதி கட்டினவர். இஞ்சேருங்கோ, படத்துக்கு எண்டாலும் நிக்கவேணும்.”

படத்துக்கு நிற்கவைக்க ஓர் ஆள் கொழும்புத்துறையில் இருந்தார். கிறகோரி, வள்ளம் இழுக்கிற வண்டிலுக்கு வெல்டிங் செய்பவர். வெட்டிய பைப்பின் மேல் இன்னொரு துண்டை நேராக நிறுத்தி, சுற்றிவர ஒட்டித் தந்தார். ஒட்டு ஆறும்வரை மயூரதன் கரையோரம் நின்று காய்ந்த வலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எதுக்குத் தம்பி இது?” என்று கடைசியில் கேட்டார் கிறகோரி.

“சும்மா, படம் எடுக்க.”

“அப்ப சரி. ஓடுறதெண்டால் நான் ஒட்டியிருக்கமாட்டன்.” கண்ணாடியைக் கழற்றி அவனை ஒருமுறை பார்த்தார். “ஓடமாட்டீர்தானே?”

“இல்லை அண்ணை.”

வீட்டில் தானே பூட்டினான். ஒட்டு சைக்கிளின் கழுத்துக்குள் போய் மறைந்தது, வெளியே பார்த்தால் கடையில் இருந்து இப்போதுதான் இறக்கிய சைக்கிள். படம் போனது. கூடவே ஒரு குரற்பதிவும் போனது. “அத்தான், பறக்குது. பள்ளம் இருக்கிறதே தெரியேல்லை.” அதைச் சொன்னபோது மயூரதன் சைக்கிளில் ஏறியிருக்கவில்லை, கிணற்றுக்கட்டில் இருந்தான்.

பிறகு ஒழுங்கையில் டொக் சத்தம் நின்றுபோனது. மயூரதன் பஸ்ஸுக்கு நிற்கத் தொடங்கினான். கழற்றி வேறு ஃபோர்க் போடவும் வழியில்லை, பிரவீணன் வீடியோவில் வந்தால் முதலில் கேட்பது சைக்கிளைத்தான். ஆகவே அது விறாந்தை ஓரத்தில் தலைமாடு கால்மாடு தெரியாமல் வெள்ளைப் போர்வையால் மூடப்பட்டு நின்றது. பார்க்கிறவர்களுக்குக் குரலைத் தாழ்த்திக் கதைக்கவேண்டும் போல இருந்தது.

“கனடாச் சொக் போட்ட சைக்கிள் மூடிக் கிடக்குது, ஐயா பஸ்ஸிலை போறார்,” என்றார் இராசமலர் அக்கா.

“மழைக்கு நனையும் அக்கா.”

“ஓமோம். ஆனி மாசத்து மழை பொல்லாதது.”

ஆவணியில் பிரவீணன் வந்தார். சந்நிதி முருகன் திருவிழாவுக்கு வருகிறார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். மனிதர் முந்தியும் மெலிவில்லை, இப்போது படலையால் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி வந்தார். பெட்டியை இறக்கமுதல் போர்வையை இழுத்துவிட்டுச் சைக்கிளைத் தடவிப் பார்த்தார்.

“புதுசு போல வைச்சிருக்கிறீர் மச்சான்.”

“உங்கடை சாமான் அத்தான். கவனமாத்தானே வைச்சிருக்கவேணும்.”

அன்று மத்தியானம் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னார். முழங்காலில் ஒப்பரேசன் செய்யமுன்னர் முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தவராம். சுகப்பட்டால் கோப்பாயில் இருந்து தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போவதாக. நடக்க முழங்கால் விடாது. ஆகவே சைக்கிளில்.

“அந்தச் சைக்கிளிலைதான்,” என்றார், சோற்றைக் குழைத்தபடி. “நேர்த்தி வைக்கேக்கை எனக்கு மனசிலை வந்தது அதுதான். மச்சான் பறக்குது எண்டு சொன்ன குரல் காதுக்கை கேட்டது.”

வினோஜா ரசத்தை ஊற்றினாள். மயூரதன் விறாந்தையில் நின்ற சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். மச்சான் ஒருவரின் ஆசையை மறுக்கலாம், மழுப்பலாம். முருகனுக்கு வைத்த நேர்த்தியை எதைச் சொல்லி மறிப்பது?

லெனாட்டிடம் ஓடினான்.

“மெதுவா ஓடினால் தாங்குமோ அண்ணை?”

லெனாட் ஒரு ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். “நேரா ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சத்தூரம் தாங்கும். முன் பிறேக்கை அமத்தேக்கைதான் முழுப் பாரமும் அந்த ஒட்டிலை வரும். ஆள் எப்பிடி?”

“பாரமான ஆள்.”

“அப்ப அவருக்குச் சொல்லும்.”

“எப்பிடி அண்ணை சொல்லுறது?”

“வாயாலை.”

அதுதான் வரவில்லை. அதற்குப் பதில் மயூரதன் முன்ரயரின் காற்றைத் திறந்துவிட்டான். பின்னேரம் பிரவீணன் அதைக் கண்டு, உடற்பயிற்சி கிடைத்ததென்று சந்தோசப்பட்டு, இராசமலர் அக்கா வீட்டுப் பம்பை வாங்கிவந்து தானே அடித்தார். மயூரதன் யாரிடமாவது மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கித் தருவதாகச் சொன்னான். பிரவீணன் சிரித்தார். வெயில் என்று சொன்னான். விடியவே வெளிக்கிடுவம் என்றார். அவன் போட்ட ஒவ்வொரு தடையையும் யாரோ ஒருவர் அன்போடு தூக்கி அப்பால் வைத்தார்கள்.

பொழுதுபட, தண்ணீர்த் தொட்டியடியில் வைத்து வினோஜாவிடம் ஒட்டைப் பற்றி முழுவதையும் சொன்னான். கிறகோரி கேட்டதையும் லெனாட் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். அவள் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“இப்ப சொன்னால் என்ன நினைப்பார்? நாங்கள் இவ்வளவு நாளும் பொய் சொல்லி அவரை வைச்சுச் சிரிச்சதெண்டு நினைப்பார்.”

“விழுந்தால்?”

“நேர்த்திக்குப் போறவரை முருகன் விழவிடுவாரே. அண்ணை கெதியா ஓடமாட்டார். போட்டு வரட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்.” வாளியைத் தூக்கினாள். பிறகு அவன் முகத்தைப் பாராமல், “நீங்கள் பின்னாலை போங்கோ,” என்றாள்.

அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது என்று அந்தக் கடைசி வார்த்தையில் மயூரதனுக்குத் தெரிந்தது. பயந்த பிறகும் விடுகிறாள். அவனும் விடப்போகிறான்.

விடிய அவளே சைக்கிளுக்கு விபூதி பூசிச் சந்தனப் பொட்டு வைத்தாள். பிரவீணன் வேட்டியை மடித்துக் கட்டி, கால்களுக்குப் பளபளக்கிற வெளிநாட்டுச் சப்பாத்துப் போட்டு ஏறினார். சொக் அமுங்கியது, அவருடைய பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு கீழே கீழே போனது, பிறகு எழவில்லை. ஒழுங்கை முழுவதும் படலைகளில் நின்று பார்த்தது. மயூரதன் லெனாட்டிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் பின்னால் வந்தான். லெனாட் அதன் பிறேக்கை இரண்டு தரம் அமத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நீர்வேலியில் வாழைத்தோட்டங்களைத் தாண்டும்வரை மயூரதன் அந்தக் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீதியில் ஒரு சின்னக் கல் தெரிந்தாலும் அவனுடைய கைகள்தான் இறுகின. முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தபோது பிரவீணன் பிறேக்கைத் தொட்டார். கழுத்துக்குள் இருந்து கதவுப்பிணைச்சல் போல மெல்லிய கிரீச் ஒன்று கேட்டது. நாய் போய்விட்டது. கிரீச் போகவில்லை, பிறகு ஒவ்வொரு மிதிக்கும் வந்தது.

“புது மாடு கத்துறமாதிரிக் கத்துது,” என்று பிரவீணன் பின்னால் திரும்பிச் சிரித்தார்.

அச்சுவேலியில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் மோர் குடிக்க இறங்கினார்கள். காவடிக்காரர், தூக்குக்காவடி வண்டில்கள், வேப்பிலையோடு நடந்துபோகிற பெண்கள், வீதி முழுவதும் சனம். பிரவீணன் சைக்கிளை மதிலில் சாய்க்கமுன், அதை நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“மச்சான், இஞ்சை பாரும். ஹான்டில் நேரா நிக்குது, சில்லு இடப்பக்கம் பாக்குது. கொஞ்சம் இறுக்கிவிடும்.”

மயூரதன் பார்த்தான். ஹான்டில் சந்நிதியைப் பார்த்துக்கொண்டு நின்றது. சில்லு வேலியைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத கழுத்துக்குள், ஒட்டு திறக்கத் தொடங்கியிருந்தது. எந்த ஆணியை இறுக்கினாலும் அது மூடாது.

“அத்தான், ஒரு விசயம்,” என்றான்.

“பொறும் பொறும்.” பிரவீணனின் போன் பாடியது. ரொறொன்ரோ. மனைவியும் பிள்ளைகளும் மாமியாரும் ஒரே திரைக்குள் நெருங்கி நின்றார்கள். பிரவீணன் காவடியைக் காட்டினார், மோர்க் குவளையைக் காட்டினார், சைக்கிளைக் காட்டினார். பிறகு போனை மயூரதனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“மச்சான், நீர் சொல்லும், எப்பிடிச் சாமான்?”

இத்தனை பேருடைய முகங்கள் அவனைப் பார்த்தன. பின்னால் யாரோ ‘அரோகரா’ என்றார்கள்.

“நல்ல சாமான்,” என்றான் மயூரதன்.

போன் சட்டைப்பைக்குள் போனது. “என்னவோ சொல்ல வந்தீர்?”

“மெதுவாப் போவம் அத்தான்.”

ஆனால் அச்சுவேலி தாண்டி வெளிக்கு வந்ததும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. தூரத்தில் கோயில் ஒலிபெருக்கியும் கேட்டது. பிரவீணனுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. எழுந்து நின்று மிதித்தார். நடந்துபோகிறவர்கள் விலகி வழி விட்டார்கள். கனடாக்காரர் என்று சப்பாத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். கிரீச் இப்போது இடைவிடாமல் ஒரே இழுவையாக வந்தது. ஹான்டில் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம், மனிதர் இரண்டையும் தோள் பலத்தால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பறந்தார்.

மயூரதன் முழுமூச்சாக மிதித்து அவரைத் தாண்டினான். தாண்டி, கொஞ்சம் முன்னுக்குப் போய், சைக்கிளை வீதியில் குறுக்கே நிறுத்தினான். இறங்கி இரண்டு கைகளையும் உயர்த்தினான். இத்தனை மாதம் தொண்டையில் நின்றது அப்போது ஒரே மூச்சில் வந்தது.

“அத்தான், இறங்குங்கோ. அந்தப் பைப் ஒட்டினது. சாமான் எட்டேல்லை, நான் ஒட்டிப் போட்டனான். உடையப்போகுது.”

பிரவீணன் கேட்டார். அவர் கேட்டதை மயூரதன் அவருடைய கண்களில் கண்டான். குறுக்கே சைக்கிளும் ஆளும் நிற்பதைக் கண்ட மனிதர் வேறு என்ன செய்வார், இரண்டு கையாலும் பிறேக்கை அமத்தினார்.

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த தடி முறிவது போலத்தான். முன்சில்லு சொக்கோடு நின்ற இடத்தில் நின்றது. பிரவீணன் ஹான்டிலைக் கையில் வைத்தபடி அதற்கு மேலால் வந்தார். மயூரதனின் காலடியில், தார் வீதியில், முகம் முதலில் பட்டது.

சனம் கூடியது. சனத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். நேர்த்திக்குப் போன மனிதரை ஒருவன் வீதிக்குக் குறுக்கே நின்று விழுத்தியிருக்கிறான்.

“உமக்கென்ன விசரே? ஆள் வாற வேகம் தெரியேல்லையே?” என்று ஒரு வேட்டிக்காரர் அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கினார். முறிந்த பைப்பின் வாயில் ஒட்டு பல்லுப் பல்லாகத் தெரிந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. மயூரதன் பிரவீணனின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தான். வாய் முழுவதும் இரத்தம், முன்பற்கள் இல்லை. இடது தோள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மூச்சு இருந்தது. யாரோ அம்புலன்சுக்கு அடித்தார்கள். யாரோ வேப்பிலையால் விசிறினார்கள்.

அப்போது அவனுடைய போன் அடித்தது. வினோஜா. எடுக்கும்போது விரல் எங்கோ பட்டு, அவளுடைய குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

“என்ன சத்தம் அங்கை? சேந்திட்டீங்களோ?”

“இல்லை. அத்தான் விழுந்திட்டார். பைப் முறிஞ்சுபோச்சு.”

மறுமுனையில் அவள் அழத் தொடங்கினாள். அழுகையின் நடுவில், தாழ்ந்த குரலில், விரைவாகச் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, ஒட்டினதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. பள்ளத்திலை விழுந்ததெண்டு சொல்லுங்கோ. அண்ணைக்குத் தெரியவேண்டாம்.”

மடியில் கிடந்த தலை அசைந்தது. பிரவீணன் கண்ணைத் திறந்திருந்தார். போனைப் பார்த்தார், பிறகு மயூரதனைப் பார்த்தார். அவருடைய வலது கையில் இன்னும் ஹான்டில் இருந்தது. அதை விடச்சொல்லி யாரோ இழுத்தார்கள், அவர் விடவில்லை.

“சொல்லிப்போட்டன் வினோ,” என்றான் மயூரதன். “அவர் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறார்.”

விசிறியவர் கையை நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியில் பூசை தொடங்கியது, தள்ளி நின்றவர்கள் கும்பிட்டார்கள். பிரவீணன் இரத்தம் வழிகிற வாயை மெல்லத் திறந்து, தங்கச்சிக்கு ஏதோ சொல்லுவதற்காக, போனை இன்னும் கிட்டக் கொண்டுவரும்படி கண்ணால் காட்டினார்.